மாமனாரின் ஹைலக்ஸுக்குப் புதிய பின்பக்கச் சேசிஸ்: 75 மி.மீ. உயர்த்தினால் போதுமா?

துவாஸ் ஃபிட்டர்

வணக்கம் அண்ணன்மார்களே. கேள்வி நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனாருக்குக் கூலாய் பக்கம் எட்டு ஏக்கர் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அங்கே 1990களின் டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று நிற்கிறது. ஒற்றைக் கேபின், டூ-வீல் டிரைவ், டீசல். வாங்கிய நாளிலிருந்து உர மூட்டை சுமந்த வண்டி. பொட்டாஷ் உரம் சிந்திச் சிந்தியே பின்பக்கச் சேசிஸை (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை) அப்பளமாக்கிவிட்டது. போன மாதம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். பின் ஆக்ஸிலுக்கு (பின்சக்கர அச்சுக்கு) மேலே சேசிஸ் வளைகிற இடத்தில் கைப்பிடி வரை உள்ளே போனது. கேபினுக்குப் பின்னால் ஏறக்குறைய 40 செ.மீ. வரை சுத்தியலால் தட்டினால் 'டங்'கென்று நல்ல சத்தம். அதற்கப்பால் 'தொப்'பென்றுதான் கேட்கிறது.

வண்டியைக் கழித்துவிடலாம் என்றால் மாமனார் முகம் வாடுகிறது. மச்சானுக்கோ வேறு ஆசை. வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்திப் போடும் படங்களைப் போனில் பார்த்து வைத்திருக்கிறான். "எப்படியும் வெட்டத்தானே போறீங்க, அப்படியே நாலு இஞ்ச் இறக்கிடுங்க மச்சான்" என்கிறான்.

என் திட்டம் இதுதான். கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெட்டி, 100க்கு 50 மி.மீ. அளவில், 5 மி.மீ. கனமுள்ள பாக்ஸ் பைப்பில் (செவ்வகக் குழாயில்) புதிய பின்பக்கம் கட்டுவது. ஆக்ஸில் வருகிற இடத்தில் மட்டும் பைப்பைப் படிபோல 75 மி.மீ. உயர்த்தி அந்தப் பக்கம் மறுபடி இறக்குவது. வண்டி தாழ்ந்தாலும் ஆக்ஸில் மேலே எழும்ப இடம் கிடைக்க வேண்டும் அல்லவா? பழைய தமிழ் முரசு தாள்களை ஒட்டி, பிடோக் வீட்டு ஹாலில் முழு அளவுக்கு வரைந்தும் வைத்துவிட்டேன். இரண்டு வாரமாக என் மனைவி அதைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறாள்.

பகலில் நான் கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டர். வெல்டிங்கும் தெரியும், செங்குத்தான தகட்டில் ஒட்டிக் காட்டும் 3ஜி சோதனையில் தேறியவன். ஆனால் எனக்குப் பழக்கம் 12, 16 மி.மீ. தகடு. இந்தப் பழைய சேசிஸோ 3 மி.மீ.தான் இருக்கும். புதியதையும் பழையதையும் எங்கே, எப்படி ஒட்டுவது? 75 மி.மீ. போதுமா? பாக்ஸ் பைப்பா, ஒரு பக்கம் திறந்த சி-சேனலா?

உட்லண்ட்ஸ் வாசி

முதலில் வண்டியின் பதிவெண் எந்த ஊர் என்று சொல்லுங்கள். சிங்கப்பூர் எண் என்றால் இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதியில்லாமல் சேசிஸை வெட்டி ஒட்டி ரோட்டில் ஓட்டுவது குற்றம். அபராதம், சிறை இரண்டுக்கும் இடமிருக்கிறது. சோதனை நிலையத்தில் ஆள் குனிந்து ஒருமுறை டார்ச் அடித்தால் போதும். மலேசிய எண்ணாக இருந்தாலும் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் வாகனச் சோதனையும் இல்லாமல் பொதுச்சாலைக்குக் கொண்டுவர முடியாது.

துவாஸ் ஃபிட்டர்

மலேசிய எண்தான். ரோட் டாக்ஸ் முடிந்து பல வருடமாகிறது. கொட்டகையிலிருந்து பழக்குலை எடுக்கும் மேடைவரை, தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டி. சேசிஸ் எண் முன்பக்கம் வலது சக்கரத்தருகே இருக்கிறது, அதைத் தொடவே போவதில்லை. பின்னாளில் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் முறைப்படி போவோம்.

பழைய பட்டறை

தம்பி, முப்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டினவன் நான். சுங்கை காடுட், அப்புறம் காக்கி புக்கிட். இப்போது முழங்கால் விடுவதில்லை, எழுத்தோடு சரி.

நீ மூன்று கேள்வி கேட்டாய். கேட்க வேண்டிய நாலாவதை விட்டுவிட்டாய். அந்த வண்டி சுமை ஏற்றுமா, நின்று போஸ் கொடுக்குமா? படத்தில் வருகிற தாழ்ந்த வண்டிகள் பெரும்பாலும் காற்றுப் பையில் நிற்பவை. ஓட்டும்போது காற்றடித்து உயர்த்திக்கொள்வான், நிறுத்தியதும் காற்றை விடுவான். உன்னுடையது பட்டாவில் (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்கில்) நிற்கிற வண்டி. பட்டாவுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை வைத்துத் தாழ்த்தினால், தாழ்ந்தது தாழ்ந்ததுதான். மேலே மூட்டை வைத்தால் இன்னும் தாழும்.

அதனால் வெறும் வண்டியை நிறுத்தி வைத்து உயரத்தைக் கணக்கிடாதே. மூட்டை ஏற்றினால் ஆக்ஸில் குழாய்க்கு மேலே இருக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறது, அதிலிருந்து பள்ளத்தில் விழும்போது எழும்ப இன்னும் எவ்வளவு, ஆக்ஸில் சேசிஸில் மோதாமல் தடுக்கிற ரப்பர் நசுங்கின பிறகு மிஞ்சும் கனம் எவ்வளவு என்று பார். மூன்றையும் கூட்டி, தாழ்த்தின பிறகு காலி வண்டியில் மிஞ்சும் இடைவெளியை அதில் கழித்தால்தான் படிக்கு எவ்வளவு உயரம் என்று தெரியும். அளந்து எழுது, பிறகு பேசுவோம்.

இப்போது ஜாயிண்ட். நீ கப்பல்காரன், உனக்கு ஒன்று கேட்கிறேன். டெக்கில் சரக்கு இறக்கும் வாயின் மூலைகளை ஏன் வளைவாக வெட்டுகிறீர்கள்? இரண்டாம் உலகப்போரில் அவசர அவசரமாக வெல்டிங் செய்து கட்டிய லிபர்டி கப்பல்களில் அந்த மூலைகள் சதுரமாக இருந்தன. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியது. விசை ஓடி வருகிறது, திடீரென்று ஒரு மூலை. எல்லாம் அங்கே போய்க் குவிகிறது.

சேசிஸும் அதே கதைதான். பிக்கப்பின் சேசிஸ் ஏணி மாதிரி. மேடுபள்ளத்தில் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் கேபினை ரப்பர் மேலே உட்கார வைத்திருக்கிறார்கள். நீ 5 மி.மீ. பாக்ஸில் பின்பக்கத்தை மலைபோல் கட்டி, 3 மி.மீ. பழைய இரும்போடு நேராக வெட்டி முட்டுக்கொடுத்து ஒட்டினால், முறுக்கு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து விழும். உன் வெல்டிங் விடாது. வெல்டிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய இரும்பு விட்டுவிடும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கையால் செய்து கற்றேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு லாரிக்குக் கேபின் பின்னால் கிரேன் ஏற்றினோம். சேசிஸ் மேலே சேனலில் சப்-ஃபிரேம் (கிரேனைத் தாங்கும் துணைச் சட்டம்) வைத்தேன். கம்பீரமான வேலை, அளவெல்லாம் மயிரிழை பிசகில்லை. ஆனால் முன்நுனியைச் சதுரமாக வெட்டி விட்டுவிட்டேன். பத்து மாதத்தில் லாரி திரும்பி வந்தது. அந்த நுனி முடிகிற இடத்துக்கு நேர் கீழே, ரூல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சேசிஸின் மேல் பட்டையில் விரிசல். தவுக்கே (முதலாளி) என்னைத் திட்டவில்லை. விரிசல் மேலே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் எந்தச் சப்-ஃபிரேமின் நுனியையும் சாய்வாகச் சீவாமல் நான் வைத்ததில்லை.

ஆகையால் 5 மி.மீ. வேண்டாம், 4 போதும். வெட்டை நேராகப் போடாதே. சாய்வாகப் போடு, அல்லது இசட் வடிவத்தில் போடு. மேல் பட்டை ஓரிடத்திலும் கீழ்ப் பட்டை கொஞ்சம் தள்ளி வேறிடத்திலும் பிரியட்டும். உள்ளே ஒரு ஸ்லீவ் (இரண்டையும் இணைக்கும் உள்குழாய்) நுழை. பழைய இரும்பில் துளை போட்டு அதன் வழியாக ஸ்லீவைப் பிடித்துக்கொள். வெளியே வைக்கும் தகடு நீளமான வைர வடிவமாக இருக்கட்டும், நுனி மீன்வால் மாதிரி மெலியட்டும். சேசிஸின் மேல், கீழ்ப் பட்டைகளில் அதற்குக் குறுக்காக வெல்டிங் கோடு இழுக்காதே. நீளவாக்கில் போகலாம், சாய்வாகப் போகலாம். குறுக்காகப் போனால் நீயே கிழிக்க வேண்டிய இடத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

பட்டாவின் முன் ஹேங்கர் (பட்டாவைச் சேசிஸில் மாட்டும் பிராக்கெட்) எங்கே வருகிறது என்றும் பார். ஜாயிண்ட் அதற்கு மேலேயே விழக்கூடாது.

ஈசூன் சாமி

எதற்கு இவ்வளவு பாடு? ஜொகூரில் பழைய வண்டிகளை வெட்டிப் பாகமாக விற்கிற ஹாஃப்-கட் கடைகள் எத்தனை! நல்ல சேசிஸ் ஒன்றை முழுதாக வாங்கிக் கேபினைத் தூக்கி வைத்துவிடலாமே.

ஜொகூர் மெக்கானிக்

சாமி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேசிஸ் எண்தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். முழு சேசிஸ் மாற்றினால் எண் மாறிவிடும். பிறகு அது மாமனார் பெயரில் இருக்கிற வண்டியே இல்லை. முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதி கட்டுவதுதான் இங்கே சரி.

ஃபிட்டர் தம்பிக்கு என் பங்குக்கு. இரும்பு வேலை பெரியவர் சொல்லிவிட்டார். தாழ்த்தினவர்கள் பலர் கோட்டை விடுகிற இடம் பிரேக். பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி மேலே சேசிஸில் இருக்கும் வால்வுக்குப் போகிறதா பாருங்கள். சுமைக்குத் தகுந்தபடி பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மாற்றுகிற வால்வு அது. சேசிஸ் ஆக்ஸிலை நெருங்கினால் "ஆஹா, சுமை ஏறிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு பின்னால் அழுத்தத்தைக் கூட்டும். நீங்கள் 100 மி.மீ. தாழ்த்தினால், காலி வண்டியையே முழுச் சுமை என்று நினைத்துவிடும். மழை நாளில், செம்மண் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் முன்னே வந்துவிடும். தாழ்த்துகிற அளவுக்கே அந்தக் கம்பியின் பிராக்கெட்டையும் மாற்றி வைக்க வேண்டும்.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. வெட்டுவதற்கு முன்னாலேயே கியர்பாக்ஸ் பின்முனையின் சாய்வையும் பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் ஹவுசிங் மூக்கின் சாய்வையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிற கோணமானியே போதும். இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டின் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் அதிர்ந்து அதிர்ந்து தேயும். வித்தியாசம் வந்தால் பட்டாவுக்கு அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

ஹவுசிங்கின் நடுக்குமிழ் ஆக்ஸில் குழாயைவிட மேலே நிற்கும், மறக்காதீர்கள். சேசிஸில் இடிக்காத ஆக்ஸில், மேலே சுமை ஏற்றும் பெட்டியின் தரையில் போய் இடிக்கும்.

துவாஸ் ஃபிட்டர்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை அதிகாலை பாலம் தாண்டிப் போய் அளந்துவிட்டு வந்தேன்.

காலி வண்டியில் ஆக்ஸில் குழாயின் மேலிருந்து சேசிஸின் அடிவரை 165 மி.மீ. உர மூட்டை ஒவ்வொன்றும் 50 கிலோ. அழுகின சேசிஸ் என்பதால் பயந்து பயந்து, அடியில் மரக்கட்டை அடுக்கி வைத்துவிட்டு, ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஐந்து மூட்டை வைத்தோம். இடைவெளி 135 ஆனது. ஐந்து மூட்டைக்கு 30 மி.மீ., அதாவது மூட்டைக்கு 6. மாமனார் வழக்கமாகப் பத்து மூட்டை ஏற்றுவார் என்றான் மச்சான். அப்படியானால் 60.

எழும்ப 75 வைத்துக்கொள்கிறேன். நசுங்கின ரப்பர் 20. மொத்தம் 155. நாலு இஞ்ச், அதாவது 100 தாழ்த்தினால் மிஞ்சுவது 65. ஆகவே படி 90 வர வேண்டும். நான் வரைந்திருப்பது 75. 15தான் குறைகிறது.

இன்னொன்று. பழைய சேசிஸின் உயரம் 110 மி.மீ. அதிலேயே அடியில் அரைவட்டமாக வெட்டித் தகடு வைத்துவிடலாமா என்று மச்சான் கேட்டான். 90 வெட்டினால் மேலே 20தான் மிஞ்சும் என்று விரலால் காட்டினேன். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

பழைய பட்டறை

"15தான்" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த 15 மி.மீ.தான் ரப்பருக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம். பள்ளத்தில் விழும்போது ரப்பர் போதுமான தூரம் அமுங்க இடமில்லாமல் ஆக்ஸில் நேராகச் சேசிஸை அடிக்கும். அதுவும் நீ புதிதாக வெல்டிங் செய்த இடத்தில்.

அப்புறம், மூட்டைக் கணக்கை மச்சானிடம் கேட்டாயா, மாமனாரிடம் கேட்டாயா? வண்டி ஓட்டுகிறவரிடம் கேள்.

பாக்ஸா சேனலா என்பதற்கு. படி ஏறி இறங்குகிற இடத்தில் பாக்ஸ்தான். சேனல் அங்கே முறுக்கிக்கொள்ளும். ஆனால் உரம் சுமக்கிற வண்டி என்பதால் ஒரு எச்சரிக்கை. பாக்ஸுக்குள் பொட்டாஷ் தண்ணீர் போய்த் தங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே கரையும். பழைய சேசிஸ் போனதும் அப்படித்தான். ஒன்று, முனைகளைத் தகடு வைத்து முழுக்க அடைத்துவிடு. இல்லையென்றால் தாழ்வான இடங்களில் நல்ல வடிகால் துளை போட்டு, உள்ளே மெழுகுக் கலவை அடி. அரைகுறையாக அடைத்தால் அதுதான் மோசம். சேசிஸை வெட்டும் முன்பு பெட்டியின் தரையையும் பார்த்துக்கொள். படி மேலே வந்தால் தரையைத் திறந்து மேலே ஒரு மேடு கட்ட வேண்டிவரும்.

துவாஸ் ஃபிட்டர்

மாமனாரிடம் கேட்டேன் ஐயா. உரம் போடுகிற வாரத்தில் பத்து இல்லை, பதினாலு மூட்டையாம். "பத்தை ஏத்திட்டு நாலுக்காக இன்னொரு தடவை வருவாங்களா?" என்று என்னையே கேட்டார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஒருநாளும் மூட்டை ஏற்றினவன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினாலு மூட்டைக்கு 84. அதோடு 75, 20. மொத்தம் 179. நாலு இஞ்ச் தாழ்த்தினால் படி 114 வர வேண்டும். அவ்வளவு உயர்த்தினால் பெட்டியின் நடுவில் பெரிய மேடு வரும், மூட்டை தட்டையாக உட்காராது, ஹவுசிங் குமிழும் தரையை இடிக்கும். மாமனார் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று நானும் மச்சானும் கணக்கைத் திருப்பிப் போட்டோம். நாலு இஞ்சுக்குப் பதில் 60 மி.மீ. மட்டும் தாழ்த்தினால் 105 மிஞ்சுகிறது. படி 75 வைத்தால் 180. தேவை 179! நான் முரசு தாளில் வரைந்த படம் அப்படியே நிற்கிறது. திரும்ப வரைய வேண்டாம் என்றதில் என் மனைவிக்குத்தான் முதல் சந்தோஷம். மச்சானுக்கு 60 போதவில்லை. முன்பக்கமும் சேர்ந்து இறங்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தேற்றி வைத்திருக்கிறேன்.

வெட்டுகிற முறை இப்படி வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். கொட்டகையில் சிமென்ட் தரை இருக்கிறது. ரசமட்டம் வைத்து வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்துவது. கேபின் மவுண்ட், பட்டா ஹேங்கர் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டும் பார்ப்பது. போன சனிக்கிழமை ஒத்திகையாகப் பார்த்தபோது இரண்டு குறுக்குக்கும் 4 மி.மீ. வித்தியாசம் வந்தது. எங்கேயோ எப்போதோ மரத்தில் மோதியிருக்கிறது போல. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, வேறு பக்கம் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டப் போவதில்லை. இடப்பக்கம் முதலில். அதை டேக் (சிறு தற்காலிக வெல்டிங்) போட்டு நிறுத்திய பிறகு வலப்பக்கம். நடுவில் ஆங்கிள் இரும்பு இரண்டைக் குறுக்காகக் கட்டி வைப்பேன். வெல்டிங் ஒரே இழுப்பில் இல்லை. ஒரு இஞ்ச் இங்கே, ஒரு இஞ்ச் எதிர்ப்பக்கம், சூடு ஆறவிட்டு அடுத்தது. பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடுவேன்.

அடுத்த சனிக்கிழமை ஆரம்பம். படம் போடுகிறேன்.

ஜொகூர் மெக்கானிக்

குறுக்கு அளவில் 4 மி.மீ. என்றால் புதியதைக் கட்டும்போது பழைய கோணலைப் பின்பற்றாதீர்கள். கேபின் மவுண்டிலிருந்து நேர்கோடு எடுத்து அதற்குக் கட்டுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் புதிய படிக்கு மேலே சுற்றிப் போகும்போது நீளம் போதுமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய பட்டறை

எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். ஆனால் டீசல் டாங்கை எப்போது இறக்குவாய் என்று எங்கேயும் காணோம். முதலில் அதைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வை. அப்புறம் படம் போடு.